காரணம் கேட்காத திங்கட்கிழமைகள்

புஷ்பலீலா அக்கா இறந்த செய்தி என்னைத் தேடி வரவில்லை. நானாகப் போய்த்தான் அதில் முட்டிக்கொண்டேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களின் முதல் திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால், ஆறு வருடப் பழக்கப்படி, அவருக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறவர் அன்று வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்ததும், வேலை முடிந்ததா என்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "செய்தியா, இல்லியா?"

மறுமுனையில் வேறு குரல். "நான் அக்காளுக்க தங்கச்சி ஷீலா பேசுதேன். திங்கக்கிழமைத் தம்பி நீங்கதானா? போனைப் பூட்டி வச்சிருக்கா, நம்பரு எடுக்க முடியல்ல. இண்ணைக்கு நீங்க கூப்பிடுவியன்னு தெரியும். அதுக்காவத்தான் சார்ஜ் போட்டு வச்சிருந்தேன். இப்பம் பாத்தா உங்க பேரக்கூட போடல்ல, 'திங்கள்'ணுதான் வருது. அக்கா வியாழக்கிழமை போயிட்டா. வெள்ளிக்கிழமை அடக்கம் களிஞ்சு."

போனை வைத்த பிறகு சிப்ஸுக்கு வாங்கிய ஏத்தங்காய்க் குலைகளின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அன்றைக்கும் சிப்ஸ் போட்டேன். மார்த்தாண்டம் பேக்கரிக்குத் திங்கட்கிழமை சரக்குக் கொடுப்பதாக, அக்கா இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வந்த திங்களில் அவரிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் தன் கையால் எழுதியும் வைத்திருந்தார். இதை மறைத்துவிட்டு அழுதேன், விழுந்தேன் என்று எழுதினால், செத்துப்போனவரிடமும் பொய் சொன்ன கணக்காகிவிடும்.

இதை வாசிக்கப்போகிற உங்களில் பெரும்பாலோர் நம் திங்கட்கிழமைக்காரர்கள். கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கங்களில் மேலாளும் இல்லாமல் கீழாளும் இல்லாமல் தனியாகத் தொழில் செய்து, வாரம் ஒருமுறை உங்கள் ஜோடியிடம் பதில் சொல்லி, அதனால் கொஞ்சம் நிமிர்ந்தவர்கள். அந்த முறையை உண்டாக்கியவர் அக்கா. அதன் நன்மைகளை நாலு பேருக்குத் தெரியும்படி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் நன்மையோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது.

நாகர்கோவிலில் சுயதொழில் பயிற்சி ஒன்றில்தான் அவரை முதலில் பார்த்தேன். மூன்று நாள் பயிற்சி, மதியம் பொதிச்சோறு, கடைசி நாள் சான்றிதழ், போட்டோ. நான் மஸ்கட்டில் பன்னிரண்டு வருடம் ஒரு ஓட்டல் அடுக்களையில் வெந்துவிட்டு, இனி வெந்தால் சொந்த அடுப்பில் வேகலாம் என்று ஊருக்கு வந்திருந்தேன். அக்கா குலசேகரத்தில் வீட்டோடு தையல். கணவர் இறந்து நாளாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பக்கத்து வளவில் தங்கை குடும்பம். கிறிஸ்தவச் சபைகளின் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுப்பதையே தொழிலாக்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. ஆனால் தெருவில் யார் ப்ளவுஸ் துணியோடு வந்தாலும் வாங்கி வைத்துவிடுவார்.

பயிற்சியில் எல்லோரும் மேடையேறி, பெரிய பெரிய வாக்குறுதிகள் கொடுத்துக் கைதட்டு வாங்கினோம். நானும் துபாய்க்கு ஏற்றுமதி செய்வேன் என்று பேசினேன். இறங்கி வந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா கேட்டார்: "துபாய் நல்ல ஊருதான். வாற திங்கக்கிழமை நீ என்ன செய்யப்போற தம்பி?"

எனக்குப் பதில் இல்லை. அவருக்கும் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். "ஆபீஸ்ல வேல செய்யவனுக்கு மேலாளு ஏசுவான். நம்மள ஏசதுக்கு ஆரு இருக்கா? நான் ஒன்ன ஏசுதேன், நீ என்ன ஏசு" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியிலேயே சட்டங்களைச் சொல்லிவிட்டார். ஏற்கனவே யோசித்து வைத்திருந்திருப்பார் போல.

வாரத்துக்கு மூன்று வேலை. மூன்றும் தொழிலைச் சேர்ந்தவை. தன் வேலையைத் தான் எழுதக்கூடாது. ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "தன் கையால எழுதினத தன் கையே அழிச்சிரும்" என்பார். அடுத்த திங்களில் கேள்வி ஒன்றே ஒன்று: செய்தியா, இல்லியா? வாரம் முழுக்க அவரை 'நீங்க' என்று பேசுகிற நான் அந்தக் கேள்வியில் மட்டும் மரியாதையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. பதிலும் ஒரே சொல்தான். செய்தேன், அல்லது இல்ல. காரணம் சொல்லக்கூடாது, மற்றவர் கேட்கவும் கூடாது. ஒரே வேலை மூன்று வாரம் தொடர்ந்து 'இல்ல' ஆனால் ஏசலாம். அப்போதும் காரணம் கேட்கக் கூடாது.

"காரணம் கேக்காண்டாம் மக்கா. கேட்டா, எல்லாக் காரணமும் ஞாயமாத்தான் இருக்கும். நம்ம ரெண்டு பேரும் ஞாயமா இருந்து ஞாயமா கட தெறக்காம கெடப்போம்."

எவ்வளவு சரி! தனியாளாகத் தொழில் செய்பவனுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே கிடையாது. மழை ஒரு காரணம், வெயில் ஒரு காரணம். கல்யாணம், அடக்கம், அசன விருந்து, பந்த் என்று நம் ஜில்லாவில் ஒரு மனிதன் வருடம் முழுக்கக் காரணத்தோடேயே வாழ்ந்து முடித்துவிடலாம்.

ஆரம்பத்தில் நான் ஏமாற்றினேன். கருங்கல் சந்தைப் பக்கம் ஒரு கடையில் போய் என் சிப்ஸை வைக்கச் சொல்லிக் கேட்பது என்று ஒரு வேலை. அந்தக் கடைக்காரர் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம். மஸ்கட் சம்பளத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கின கடை அது. 'செய்தியா' என்றதும் "செய்தேன், வைக்கலாம்னாரு" என்று அடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அக்கா குலசேகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தக் கடைக்கு வந்து, என் பேரைச் சொல்லி, "தாஸு சிப்ஸ் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த திங்களில் அவர் ஏசவில்லை. "பொய் சொன்னா நமுத்துப்போறது ஒனக்க சிப்ஸுதான், எனக்க அங்கி இல்ல" என்றார். அன்று பதினொரு மணிக்கு அந்தக் கடையில் போய் நின்றேன். இன்றைக்கும் வாரம் இருமுறை சரக்கு வாங்குகிற கடை அது.

இன்னொரு தந்திரமும் செய்து பார்த்தேன். வேலை மூன்றில் ஒன்றை லேசாக்கிவிடலாம் என்று, "மூணு, காட்டாத்துறைல ஒரு கல்யாணத்துக்குப் போணும்" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "ஏலே, நீ போவாட்டியும் அந்தப் பெண்ணைக் கெட்டிக்கொடுத்திருவாவ. தொழில் சொல்லு!" அந்த 'தொழில் சொல்லு' பிற்பாடு எங்களுக்குள் ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. யார் வேறு பேச்செடுத்தாலும் மற்றவர் அதைச் சொல்லி வாயை அடைப்போம்.

அவரையும் நான் விட்டுவைத்ததில்லை. 'இனி ப்ளவுஸ் தைப்பதில்லை' என்று வாசலில் எழுதி ஒட்டுவது அவருக்கு ஒரு வேலை. முதல் வாரம் இல்ல. இரண்டாவது வாரம் இல்ல. மூன்றாவதிலிருந்து நான் ஏசத் தொடங்கினேன். தெருக்காரிகள் முகம் கோணுவார்கள் என்பது அவர் பயம். நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். ஏழாவது வாரம் ஒட்டினார். ஒட்டிய மாதத்தில் பயந்தபடியே கை காலியாக இருந்தது. அந்தக் காலிக் கையோடுதான் திருவட்டாறு பக்கத்துச் சபை ஒன்றுக்குப் போய், முழுப் பாடகர் குழுவுக்கும் அளவெடுத்துக்கொண்டு வந்தார். பிறகு சபை சபையாக வந்தது. வளைகுடாவில் இருக்கும் நம்மூர் ஆட்களின் சபைகளுக்கும் பார்சல் போனது. கழுத்துப் பட்டையில் அவர் வைக்கும் தையல் எத்தனை வருடம் துவைத்தாலும் சுருளாது என்று பெயர் எடுத்தார். நானும் ஒரு அடுப்பிலிருந்து மூன்று அடுப்புக்கு வந்தேன். நம்மை யாரோ ஒருவர் கேட்கப்போகிறார் என்கிற எண்ணம் இருந்தால்தான் மனிதன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கிறான். இதை நான் முழுமனதோடு இன்றும் நம்புகிறேன். அதுதான் என் சங்கடமே.

நான்காவது வருடத்தில் நான் தொழிலை விட இருந்தேன். எண்ணெய் விலை ஏறிக் கிடந்தது. மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி, விசா தயார், வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் நானும் என் மனைவி ரெஜினாவும் முகம் கொடுத்துப் பேசி நாளாகியிருந்தது. திங்களில் மூன்றுக்கும் 'இல்ல' என்றேன். அக்கா, "சரி, இந்த வாரம் சொல்லு" என்றார், அவ்வளவுதான். புதன்கிழமை மதியம் பார்த்தால் சிப்ஸ் போடுகிற என் ஷெட் வாசலில் குடையோடு நிற்கிறார். அதற்கு முன் அவர் என் ஷெட்டுக்கு வந்ததே இல்லை. "இந்தப் பக்கம் ஒரு சபைக்கு வந்தேன். ரெண்டு கிலோ சிப்ஸ் தா" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து, நான் காய் சீவுவதை ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "இவ்வளவு மெல்லிசா நான் துணிகூட வெட்டினதில்ல" என்றார். அந்த வாரம் ஏனோ எனக்குத் தம்பிக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. விசா காலாவதியானது. அக்கா சிப்ஸ் வாங்கத்தான் வந்தார் என்று இந்த மாதம்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி, எழுதத் தயங்கித் தயங்கித் தள்ளிவைத்த இடம்.

போன அக்டோபர். அங்கிக்காரர்களுக்கு அதுதான் சீசன். கிறிஸ்துமஸுக்கு எல்லாச் சபையும் புது அங்கி கேட்கும். ஒரு திங்களில் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, இரணியல் பக்கத்துச் சபைக்கு அளவெடுக்கணும். இரண்டு, வெள்ளைத் துணி வந்ததைப் பிரித்துச் சுருக்கம் பார்க்கணும். மூன்றாவதுக்குக் கொஞ்சம் நின்றார். பிறகு, "மூணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு போணும்" என்றார்.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒரே குஷி. ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சட்டம் போட்டவரே சட்டத்தில் மாட்டியிருக்கிறார்!

"அக்கா, தொழில் சொல்லுங்க" என்றேன்.

அவரும் சிரித்தார். "ஆமா, ஆமா. எனக்க கயிறு எனக்க காலுலதான் சுத்துது. சரி, மாத்து. கொரியர்காரன்கிட்ட கிறிஸ்துமஸ் பார்சலுக்கு முன்கூட்டிப் பேசணும். எழுதினியா?"

மூன்றாவது வரியை அடித்துவிட்டு, கீழே கொரியர் என்று எழுதினேன். அடுத்த திங்களில் மூன்றுக்கும் 'செய்தேன்' வந்தது. எனக்குத் திருப்தி.

கிறிஸ்துமஸ் அங்கிகள் எல்லாம் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன. ஜனவரியில் இரண்டு திங்கள் சுமாராகப் போயின. அதன்பின் 'இல்ல' தொடங்கியது. மூன்று பழைய அங்கிகளுக்குப் பொத்தான் மாற்றணும், ஒரு சபைக்குப் போன் செய்யணும், மிச்சத் துணியை எண்ணி வைக்கணும். சின்ன வேலைகள். அவர் ஒரு காலைப்பொழுதில் முடிக்கிற வேலைகள். ஒரு வாரம் இல்ல, இரண்டாவது வாரம் இல்ல. குரல் இறங்கியிருந்தது. பின்னால் இரும்புச் சக்கரம் உருளும் சத்தம், ஆட்கள் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். காலை ஆறரைக்கு இவர் ஏன் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. அதுவும் ஒரு காரணம்தானே, காரணம் கேட்கக்கூடாதே.

மூன்றாவது திங்களிலும் மூன்றுக்கும் இல்ல. அப்போது எனக்கு ஏச உரிமை வந்துவிட்டது. ஏசினேன். அரைகுறையாக ஏசவில்லை, முறையை மதித்து, மனதார ஏசினேன். "மூணு பொத்தான் தைக்க மூணு வாரமா? லெந்து வருது, ஈஸ்டர் வருது. சட்டம் போட்டவங்களே இப்படிக் கெடந்தா நாங்க எல்லாம் என்ன செய்யது?" என்றேன். பின்னால் அந்தச் சக்கரச் சத்தம் கடந்து போனது. பிறகு, "கொள்ளாம் மக்கா. நல்லா ஏசுத" என்றார். "ஒனக்கதச் சொல்லு, எழுதுதேன்." என் மூன்று வேலைகளைச் சொன்னேன். எழுத அன்று ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மூன்றாவதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த வியாழக்கிழமை போய்விட்டார்.

செய்தி தெரிந்த வாரமே குலசேகரத்துக்குப் போனேன். ஷீலா என்னை அக்காவின் தையல் அறையில் உட்கார வைத்தார். மெஷின்மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. வயிற்றில் கட்டி என்றார் ஷீலா. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வலி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. புத்தாண்டு கழிந்து மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

"இத்தன நாள் எங்க போயிருந்தியன்னு டாக்டர் கேட்டாரு. ஒரு மூணு மாசம் முன்ன வந்திருந்தா வல்லதும் வைத்தியம் செய்திருக்கலாம்னாரு" என்றார் ஷீலா. நான் விரல் விட்டு எண்ணவில்லை. அக்டோபர் என்று தெரிந்துதான் இருந்தது.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் சொல்லத்தான் சொன்னேன். அக்கா விடல்ல. வாரத்துல ஒரு அரமணிக்கூறாவது நான் நோயாளி இல்லாம இருக்கட்டும்டீண்ணா. திங்கக்கிழமை வெளுப்புக்கே ஆஸ்பத்திரிக் கட்டில்ல எழும்பி இருந்து, முகம் கழுவி, தலை சீவச் சொல்லுவா. பேப்பர நான்தான் வெட்டிக் கொண்டு கொடுப்பேன்."

இதை ஷீலா எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நல்ல மனுஷி. எனக்கு ஆறுதலாகவில்லை. ஜனவரியில் சொல்லாதது அவர் விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். அக்டோபரில் சொன்னாரே. வாய்விட்டு, மூன்றாவது வேலையாக, என் கையில் எழுதக் கொடுத்தாரே. வேறு யாரிடமும் சொல்லாததை.

அடக்க ஆராதனையில் சபைப் பாடகர் குழுவினர் அவர் தைத்த அங்கிகளைப் போட்டுக்கொண்டுதான் பாடினார்களாம். அதையும் ஷீலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்த நேரத்தில் ஷெட்டில் நின்று பாக்கெட்டுக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

கிளம்பும்போது ஷீலா ஆணியில் தொங்கிய அங்கி உறை ஒன்றை எடுத்துத் தந்தார். "இது உங்களுக்கதுதான்." உள்ளே என் சீட்டுகள். அளவு வெட்டுகிற பழுப்புத் தாளைச் சிறு துண்டுகளாக்கி எழுதி, வருடம் வருடமாக நூலில் கோத்திருந்தார். ஒவ்வொன்றிலும் என் மூன்று வேலைகள், பக்கத்தில் செய்தேன் அல்லது இல்ல. ஆறு வருடத் திங்கட்கிழமைகள். ஒன்றை எடுத்து எதேச்சையாகத் திருப்பினேன். பின்பக்கமும் எழுதியிருந்தார்.

"தொண்டை அடச்சிருக்கு. எண்ணெய்ப் புகைதான்."

அந்த வாரம் எனக்கு நினைவிருந்தது. அதற்கு அடுத்த திங்களில் அக்கா தானாகவே, "புகை சிப்ஸ்ல பிடிச்சு நெடி வருது. அடுப்புக்கு மேல ஃபேன் வைக்கணும்ணு ஒரு வேலை போடட்டா?" என்று கேட்டார். என் சிப்ஸில் ஒருநாளும் புகை நெடி வந்ததில்லை. அப்போதே கொஞ்சம் கோபம் வந்தது எனக்கு. ஆனாலும் ஃபேன் வைத்தேன்.

ஒவ்வொன்றாகத் திருப்பினேன். "சிரிச்சு சிரிச்சுப் பேசுதான். பிள்ளைக்கு மார்க்கு வந்திருக்கும்." "மூணும் செய்தேங்கான், குரல்ல செய்த ஆளு இல்ல." நான்காவது வருடத்துச் சீட்டு ஒன்றில்: "ரெஜினாட்ட கேட்டேன். தம்பிக்காரன் மஸ்கட்டுக்குக் கூப்பிடுதானாம். வீட்டில பேச்சு மிண்டாட்டம் இல்லியாம். புதன் போய்க் கண்ணால பாக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் கேட்டேன். "ஆமா, மாசத்துக்கு ஒருக்கா கூப்பிடுவாவ. உங்களுக்குச் சொல்லாண்டாம்னு சொன்னாவ" என்றாள் அவள். ஷீலாவும் நான் கிளம்பும் முன் அதையேதான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். அவ்வளவு வேலைக்கு நடுவில் என்னத்துக்கு அடுத்தவன் வீட்டு விஷயம் என்று ஷீலா கேட்டதற்கு அக்கா சொன்னாராம்: "கேக்காதண்ணுதான் நான் சட்டம் போட்டேன். கவனிக்காதண்ணு போடல்ல."

ஆறு வருடம் நான் சட்டத்தைப் பாதி மட்டும் படித்திருக்கிறேன். முறை தவறாமல் நடந்துகொண்டேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் வைத்திருந்தேன்.

கடைசிச் சீட்டும் அதில் இருந்தது. எழுத்து கோடு விட்டு ஓடியிருந்தது. ஒன்று, மார்த்தாண்டம் பேக்கரிக்குத் திங்கள் சரக்கு. இரண்டு, எண்ணெய் டின் மாற்று. மூன்றாவது பாதியில் நின்று, மறுபடி எழுதப்பட்டிருந்தது. அதையும் திருப்பினேன்.

"இண்ணைக்கும் கேக்கல்ல. சாரமில்ல, போவட்டும்."

உங்களில் சிலர் கேட்கிறீர்கள், இனிமேல் சட்டத்தை மாற்றலாமா, காரணமும் கேட்கலாமா என்று. எனக்குத் தெரியவில்லை. காரணம் கேட்க ஆரம்பித்தால் அக்கா சொன்ன மாதிரி எல்லோரும் நியாயமாகப் படுத்துவிடுவோம். கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் அக்கா ஒரு ஆள்தான் நடந்தார். அது எப்படி என்று எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. வேறு ஜோடி சேர்ந்துகொள்ளும்படி இரண்டு மூன்று பேர் நல்ல மனதோடு கூப்பிட்டீர்கள். கூப்பிடாதீர்கள். என்னிடம் யாரும் தன் வேலையை எழுதக் கொடுக்க வேண்டாம்.

தொழில் நடக்கிறது. மூன்று அடுப்பும் எரிகிறது. திங்கட்கிழமை ஆறரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்வது? யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் வாயில் 'செய்தேன்' என்று வருகிறது.

ஷீலா தந்த உறையைத் தவிர, அவர் நினைவாக என்னிடம் இருப்பது அவருடைய சீட்டுகள்தான். அவர் சொல்ல நான் எழுதியவை. சட்டப்படி அவை என்னிடம்தான் இருக்க வேண்டும். சிப்ஸ் லேபிள் வைக்கிற அட்டைப் பெட்டியில் ஆறு வருடச் சீட்டுகளும் அடுக்காக இருக்கின்றன. குலசேகரத்திலிருந்து வந்த மறுநாள் பெட்டியைத் திறந்து அந்த அக்டோபர்ச் சீட்டைத் தேடி எடுத்தேன். நான் அடித்த கோடு மெல்லியது. 'ஆஸ்பத்திரிக்குப் போணும்' என்பது அதற்கு அடியில் தெளிவாகவே வாசிக்க வருகிறது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிறகு உட்கார்ந்து, மிச்சம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் திருப்பிப் பார்த்தேன். ஆறு வருடம். ஒன்றின் பின்பக்கத்திலும் நான் ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்கவில்லை.